தடு, பிறகு தடு

சரளாவின் வம்சத்தில் உட்கார்ந்து வேலை பார்த்த முதல் ஆள் சரளாதான். அப்பா சீனி, சிலிம் ரிவர் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் முப்பது வருஷம் நின்றுகொண்டே பால்மரம் வெட்டினார். அக்கா குமுதா ஜெலாப்பாங் தொழிற்பேட்டையில் நின்றுகொண்டே வடை சுடுகிறாள். சரளாவும் கமுந்திங்கில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் ஆறு வருஷம் நின்றாள். ஷிப்டுக்குப் பன்னிரண்டு மணி நேரம், விரல் நுனியெல்லாம் தோல் உரிந்து போனது. ஆகவே சூச்சிநெட் இணைய நிறுவனத்தில் வேலை கிடைத்து, சக்கரம் வைத்த ஒரு நாற்காலியைக் காட்டி "இது உங்களுக்கு" என்றபோது, அவள் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் உட்கார்ந்தாள்.

ஆறு மாதம் தற்காலிகம். ஆறாம் மாதக் கடைசியில் உறுதிக் கடிதம் கையில் வந்தால் நாற்காலி அவளுடையது. வராவிட்டால் மறுபடி கமுந்திங், மறுபடி நின்ற கால்.

சூச்சி என்றால் மலாய் மொழியில் தூய்மை. மற்ற நிறுவனங்கள் வீட்டுக்கு இணையம் கொடுக்கும். சூச்சிநெட் கொஞ்சம் கொடுத்து மீதியைத் தடுக்கும். 'அமைதி இல்லம்' என்று அதற்கு ஒரு திட்டம். அதில் சேர்ந்தவர்களுக்கும், சேராவிட்டாலும் சேர்ந்தவர்களாகக் கருதப்பட்டவர்களுக்கும் மாதக் கடைசியில் கைப்பேசியில் ஒரு செய்தி வரும்: "வாழ்த்துகள். இந்த மாதம் உங்கள் குடும்பம் 1,204 வேண்டாதவற்றிலிருந்து காப்பாற்றப்பட்டது." எந்த ஆயிரத்து இருநூற்று நான்கு என்று சொல்ல மாட்டார்கள். சொன்னால் காப்பாற்றியது வீணாகிவிடும் அல்லவா?

சனங்களுக்கு இது ரொம்பவும் பிடித்துப் போயிற்று. ஜெலாப்பாங் அடுக்குமாடியில் லிப்டுக்குக் காத்திருக்கும் பெண்கள் இதைத்தான் பேசினார்கள்.

"எங்க வீட்ல ரெண்டாயிரத்த தாண்டிருச்சுலா. ஒங்க வீட்ல எவ்ளோ?"

எண்ணிக்கை குறைந்த வீட்டுக்காரி ஏதோ ஏமாற்றப்பட்டதாக நினைத்தாள். எண்ணிக்கை கூடின வீட்டில் புருஷனுக்கு விசாரணை நடந்தது. சரளாவின் புருஷன் தர்மா தொழிற்சாலை பஸ் ஓட்டுகிறவன். ஒரு மாதம் அவர்கள் வீட்டுக் கணக்கு மூவாயிரத்தைத் தொட்டபோது, "பந்து ஆட்டந்தான் பார்த்தேன், முனியாண்டி மேல சத்தியம்" என்று கற்பூரம் ஏற்றப் போய்விட்டான்.

அலுவலகம் ஒரு டயர் கிடங்கின் மேல்மாடி. மேலே தூய்மை, கீழே ரப்பர் வாடை. தினமும் எட்டரை மணிக்குக் கார் நிறுத்துமிடத்தில் எல்லாரையும் வரிசையாக நிற்க வைத்துப் பெயர் கூப்பிடுவார்கள். மேலாளர் விக்னேஸ்வரன் அதற்குக் 'காலைத் தூய்மைச் சந்திப்பு' என்று பெயர் வைத்திருந்தார். வரிசையில் நிற்க வைத்து ஆள் கணக்கெடுத்தால் தோட்டத்தில் அதற்குப் பெரட்டு என்று பெயர். சரளாவின் வாயில் பெரட்டு என்றுதான் வந்தது. பெயர் கூப்பிட்டு முடிந்ததும் வலது கையை நீட்டி உறுதிமொழி: "பிறர் பார்க்காதிருக்க நாங்கள் பார்ப்போம். பார்த்ததை மறப்போம். மறந்ததைத் தடுப்போம்."

கடைசி வரிக்கு என்ன அர்த்தம் என்று பக்கத்தில் நின்ற நஸீராவிடம் சரளா கேட்டாள். நஸீராவின் வாப்பா ஈப்போவில் நாசி கண்டார் சோற்றுக் கடை வைத்திருக்கிறார். நஸீரா மூன்று வருஷமாகத் தடுக்கிறாள்.

"அர்த்தம் கேக்கறதெல்லாம் 'நேர விரயம்' பிரிவுல வரும்" என்றாள் நஸீரா. "சொல்லிட்டுப் போய்க்கிட்டே இருலா."

தடுக்க வேண்டியவை நான்கு பிரிவு: பொய், ஆபாசம், அச்சம், நேர விரயம். முதல் மூன்றில் அடங்காதது நான்காவதில் அடங்கும். நான்கிலும் அடங்காத ஒன்றை இதுவரை யாரும் கண்டதில்லை. பேராக் மாநிலத்தில் சூச்சிநெட் வாடிக்கையாளர் யாராவது தமிழில் ஒரு பக்கம் எழுதி ஏற்றினால் அது சரளாவின் திரைக்கு வரும். ஏழு விநாடி பார்க்கலாம். அதற்கு மேல் பார்த்தால் மணி அடிக்கும். பார்க்கிறவருக்கு அதன்மேல் ஆசை வந்துவிட்டது என்று பொருள். ஆபாசமோ என்று சந்தேகம் வந்தால் விண்ணப்பப் பாரம் எழுதிக் கொடுத்துவிட்டு, கல்யாணமான இன்னொரு ஊழியரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் பார்க்க வேண்டும். முப்பது பக்கம் தடுத்தால் மனம் அழுக்காகியிருக்கும் என்பதால் ஐந்து நிமிஷம் மீன் தொட்டி வீடியோ கட்டாயம். அந்த வேலையில் சரளா எதையாவது முழுசாகப் பார்த்தாள் என்றால் அந்த மீன்களைத்தான்.

திரையின் அடியில் இரண்டு பொத்தான்கள். ஒன்றில் 'தடு' என்று எழுதியிருந்தது. மற்றதில் 'பிறகு தடு'.

"விடறதுக்குப் பொத்தான் எங்க சார்?" என்று முதல்நாளே கேட்டுவைத்தாள்.

விக்னேஸ்வரன் கோபிக்கவில்லை. அவர் கோபிக்கிற மனிதரே இல்லை. முழுக்கைச் சட்டையும் கழுத்தில் மூன்று அடையாள அட்டையுமாக, எதையும் விளக்கிச் சொல்கிற மனிதர்.

"டெண்டர்ல ரெண்டு பொத்தான்தான் கேட்டிருந்தாங்க சரளா. மூணு வருசமா மூணாவது பொத்தான் வேணும்னு ஒருத்தர்கூட எழுதிக் குடுக்கல. அப்படின்னா தேவைப்படலன்னுதானே அர்த்தம்?"

ஒரு நாளைக்கு அறுபது தடுக்க வேண்டும். ஐம்பத்தொன்பது தடுத்தால், மறுநாள் பெரட்டில் அந்த ஆளின் பெயரை மட்டும் கொஞ்சம் மெதுவாகக் கூப்பிடுவார்கள். அந்த மெதுவிலேயே மானம் போய்விடும்.

முதல் சில வாரங்கள் சமாளித்தாள். யாரோ ஒரு புண்ணியவான் தினமும் முப்பது நாற்பது பக்கம் எழுதிக்கொண்டே இருந்தான். "சளி நீங்கச் சனிக்கிழமைகளில் வடக்கு நோக்கித் தும்மவும்." "வாழைப்பழத்தை நடுவில் உரித்தால் குடும்பத்தில் பிரிவு ஏற்படும்." எல்லாம் சுத்தமான தமிழில், புள்ளி, காற்புள்ளி பிசகாமல். கடைசியில் மறக்காமல் "நன்றி. வணக்கம்." சரளா அவனை மனதுக்குள் வாழ்த்திக்கொண்டே தடுத்தாள். ஆனால் எந்த ஊற்றும் ஒருநாள் வற்றும். இரண்டாம் மாதம் அவனுக்குக் கை ஓய்ந்துபோயிற்று. நாளுக்குப் பத்து, ஐந்து, பிறகு அதுவும் இல்லை.

அதற்குப் பிறகு அவள் திரைக்கு வந்ததெல்லாம் நல்ல சனங்கள் எழுதியது. கோயில் கூழ் ஊற்றும் அறிவிப்பு, டியூஷன் விளம்பரம், தீபாவளி முறுக்கு ஆர்டர். என்ன செய்வாள்? கூழை நேர விரயத்தில் போட்டாள். டியூஷனை அச்சத்தில் போட்டாள். தாய்மாமன் மகள் தினேஸ்வரியின் கல்யாண வீடியோ வந்தபோது கண்ணை மூடிக்கொண்டு பொய் என்று அழுத்தினாள். விஷயம் எப்படியோ தெரிந்து, மாமா குடும்பமே பேச்சை நிறுத்திவிட்டது. நாற்காலிக்காகச் சொந்தத்தை விற்றுவிட்டோமே என்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

வேலை முடிந்து அக்காவின் கடையில் வந்து உட்கார்ந்து அழுதாள். கடை என்றால் அலுவலகத்துக்கு எதிரே, மழைமரத்தடியில் ஒரு தகரக் கூரை, ஒரு அடுப்பு, இரண்டு மேஜை. குமுதா எண்ணெய்ச் சட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல் முழுக் கதையும் கேட்டாள்.

"அறுபது வேணும், ஊர்ல குப்ப இல்ல. அவ்ளோதான?"

"ஆமாக்கா."

"அப்பா என்னா செஞ்சாரு? பாலு கொறஞ்சா தண்ணி ஊத்துனாருலா. நீயும் ஊத்து."

சீனி பாலில் தண்ணீர் கலந்த கதை அவர்கள் வீட்டில் தீபாவளிக்குத் தீபாவளி சொல்லிச் சிரிக்கிற கதைதான். ஆனால் சரளாவுக்கு விளங்கவில்லை.

"இதுல எப்படிக்கா தண்ணி ஊத்தறது?"

"குப்ப இல்லன்னா எழுதிப் போடுவோம். நான் எழுதறேன். எங்கிட்ட இல்லாத குப்பையா?"

கரும்பு தின்னக் கூலி கொடுத்த மாதிரி ஆயிற்று குமுதாவுக்கு. பதினெட்டு வருஷமாக வடை வாங்க வருகிறவர்கள் சொன்ன புரளி, புறணி, கைவைத்தியம், கனவுப் பலன் எல்லாம் அவள் மண்டையில் அடுக்கி வைத்திருந்தது. வடை சுடும் நேரம் போக மிச்ச நேரமெல்லாம் கைப்பேசியில் தட்டினாள். சரளா வீட்டு இணையத்திலிருந்து அதை ஏற்றினாள். மறுநாள் அலுவலகத்தில் அதையே தடுத்தாள்.

"உங்கள் கணவர் சாம்பார் ஊற்றும் விதத்தை வைத்து அவர் மறைப்பதைக் கண்டுபிடிக்க ஒன்பது வழிகள்." "இதைப் பதினொரு பேருக்கு அனுப்பாவிட்டால் உங்கள் ரைஸ் குக்கர் வெடிக்கும்." "ஈப்போ தண்ணீர் குடித்தால் அழகு வரும், ஆனால் தைப்பிங் மழையில் நனைந்தால் போய்விடும்." "செம்பருத்தி இலையை ரௌட்டர் மேல் வைத்தால் இணையம் வேகமாகும்."

செம்பருத்தியை ஆபாசச் சந்தேகத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த நஸீரா, மறுநாள் சரளாவின் காதில் கிசுகிசுத்தாள்.

"வச்சுப் பார்த்தேன்லா. நெசமாவே ஸ்பீடா இருக்கு. இத ஏன் தடுத்தோம்?"

அறுபது எட்டியது. அறுபது எளிதாகக் கிடைக்கிறது என்று தெரிந்ததும் மேலிடம் எண்பது ஆக்கியது. அடுக்குமாடி வீடுகளின் மாதக் கணக்கும் ஏறியது. பேராக் கிளைக்கு நாட்டிலேயே சிறந்த தடுப்புக் கிளை என்று விருதும் கிடைத்தது. விருது விழா ஈப்போவில் ஒரு ஓட்டல் மண்டபத்தில் நடந்தது. பேராக் தமிழர்கள் நாளுக்கு எண்பது கேவலம் செய்கிறார்கள் என்பதற்குக் கொடுத்த விருதை, பேராக் தமிழர்கள் நூறு பேர் கோட்டும் பட்டுச் சேலையுமாக வந்து கைதட்டி வாங்கினார்கள். விக்னேஸ்வரன் மேடையேறினார்.

"அன்பார்ந்த பெருமக்களே! ஐந்து ஆண்டுகளுக்கு முன்னால் இந்த மாநிலத்தில் தமிழில் வேண்டாதவை எத்தனை? பூஜ்யம். ஏனென்றால் எண்ண ஆளில்லை! நமது பிரிவு தொடங்கியபோது நாளுக்குப் பத்து. இன்றைக்கு எண்பது. இந்த வளர்ச்சி தானாக வந்ததா? இல்லை, நமது உழைப்பால் வந்தது. சிலர் கேட்கிறார்கள், என்ன தடுக்கப்படுகிறது என்று வாடிக்கையாளருக்குச் சொல்லக்கூடாதா என்று. சொன்னால் அவர் அதை விரும்பிவிடும் அபாயம் இருக்கிறது. விரும்பிவிட்டால் அது எப்படி வேண்டாதது ஆகும்? ஆகவே வேண்டாததை என்றென்றும் வேண்டாததாகவே பாதுகாப்போம்! நன்றி. வணக்கம்."

அந்தக் கடைசி இரண்டு சொல்லையும் எங்கோ பார்த்திருக்கிறோமே என்று சரளாவுக்கு ஒரு கணம் தோன்றியது. அதற்குள் பிரியாணி வந்துவிட்டது.

சிக்கல் குமுதாவிடமிருந்து வந்தது. இரண்டாயிரம் பக்கம் தாண்டியபோது அவளுக்குள் ஒரு எழுத்தாளர் வந்து குந்திக்கொண்டார். எழுத்தாளர் வந்தால் கூடவே மனக்குறையும் வரும்.

"சாம்பார் எழுதுனேன்ல, அத யாரு படிச்சா?"

"நான் படிச்சேன்க்கா."

"நீ ஏழு விநாடி படிச்ச. ஒம்போது வழி எழுதியிருக்கேன், நீ ஒரு வழிகூடத் தாண்டியிருக்க மாட்ட. எழுதறவ நான் ஒருத்தி, தடுக்கறவ நீ ஒருத்தி. நடுவுல ஒரு மனுசன் வேணாமா?"

"குப்பதானக்கா அது."

"குப்பதான். நான் இல்லங்கல. ஆனா நல்லா எழுதுன குப்ப." குமுதா கரண்டியைச் சட்டியின் விளிம்பில் தட்டினாள். "சரி, இப்ப நெசமா ஒண்ணு எழுதறேன். ஒரு பொய் இருக்காது. அத மட்டும் நீ விட்டுரணும்."

ஆறாம் மாதம் முடிய இரண்டு நாள் இருக்கும்போது அந்தப் பக்கம் சரளாவின் திரைக்கு வந்தது. தலைப்பு, 'எங்கப்பா கலந்த தண்ணி'.

"மழை மாசத்துல மரம் பால் குடுக்காது. ஆனா பால் அளந்து எழுதற கிராணி கணக்கு கேப்பாரு. அப்பா என்னா செய்வாரு? ஆத்துல போயி மரியாதையா கேட்டு ரெண்டு சட்டி தண்ணி வாங்கிக்கிட்டு வருவாரு" என்று வழக்கமான சிரிப்போடுதான் தொடங்கியிருந்தது. ஏழாவது விநாடியில் மணி அடித்தது. சரளா நிறுத்தவில்லை.

"ஸ்டோர்ல கிராணி பால் சோதிக்கிற கண்ணாடிக் கம்பிய பால்ல விட்டுப் பாப்பாரு. தண்ணி பாலா இருந்தா கம்பி தூக்கிக்கிட்டு மிதக்கும். அப்பா பால்ல அது குதிச்சுக்கிட்டு நிக்கும். கிராணி அப்பாவப் பாப்பாரு. அப்பா, மேல மரத்தப் பாப்பாரு. 'நல்ல பால்'னு கிராணி எழுதிக்குவாரு. ஏன்னா அவரும் மானேஜருக்குக் கணக்கு காட்டணும். மானேஜரும் அவருக்கு மேல காட்டணும். கடைசியில லாரியில போனது பாதி ஆத்துத் தண்ணி. அது ஆத்துக்கே தெரியும்.

"ஒரு நாள் மேலேர்ந்து ஆளுங்க வந்தாங்க. அன்னிக்குக் கம்பி மிதந்ததும் கிராணி போட்ட கூச்சல் ஆத்துக்கு அந்தப் பக்கம் கேட்டுச்சு. மறுநா பெரட்டுல அப்பா தலையில பால் வாளியக் கவுத்து நிக்க வச்சாங்க. எனக்கு ஒம்போது வயசு, தங்கச்சிக்கு நாலு. அவ, 'அப்பா தொப்பி போட்டிருக்காரு'ன்னு கை தட்டுனா. நான் கிராணியப் பாத்தேன். அவரு மேல மரத்தப் பாத்துக்கிட்டு இருந்தாரு."

கை தட்டின அந்தத் தங்கச்சி சரளாதான். தொப்பி அவளுக்கு ஞாபகம் இருந்தது. அது என்ன தொப்பி என்று முப்பது வருஷமாக யாரும் அவளிடம் சொல்லவில்லை. மணி அடித்துக்கொண்டே இருந்தது. அலுவலகமே திரும்பிப் பார்த்தது. சரளா கண்ணைத் துடைத்துக்கொண்டு, வேறு வழி தெரியாமல் 'பிறகு தடு' என்பதை அழுத்தினாள். அதை அழுத்தினால் மறுநாள் பகல் பன்னிரண்டு மணிக்கு அது தானாகவே தடைபடும்.

விக்னேஸ்வரன் அவளை அறைக்குக் கூப்பிட்டார். மேஜையில் ஒரு தாள் இருந்தது.

"நாலு நிமிசம் மணி அடிச்சிருக்கு. அத விடு. எண்பது பக்கத்துல எழுபது ஒரே லைன்லேர்ந்து வருது சரளா. வாடிக்கையாளர் பேரு தர்மா. ஒன் வீட்டுக்காரரு பேரும் அதானே?"

சரளாவுக்கு நாற்காலி காலடியிலிருந்து உருண்டு போவது தெரிந்தது.

"எங்கக்கா எழுதறாங்க சார். எதிர்ல வடைக் கடை."

"ரௌட்டர் செம்பருத்தி?"

"அக்காதான் சார்."

"சாம்பார் ஒம்போது வழி?"

"அக்காதான்."

விக்னேஸ்வரன் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். திரும்பி வந்து குரலைத் தாழ்த்தினார்.

"ஒரு நாளைக்கு நூறு முடியுமா அவங்களால?"

சரளா சாத்தின கதவைத் திரும்பிப் பார்த்தாள்.

"அடுத்த மாசத்திலேர்ந்து நூறு கேக்கறாங்க. இந்த மாநிலத்துல ஒரு மாசத்துல வர்ற நெசமான குப்ப மூணு நாளுக்குக்கூடக் காணாதுலா. ஒனக்கு முன்னால யாரு எழுதுனதுன்னு நெனக்கிற? ரெண்டு வருசம், சனி ஞாயிறு விடாம, நான்தான். கையே ஒடிஞ்சுபோச்சு." கொஞ்சம் வெட்கப்பட்டுக்கொண்டே கேட்டார்: "வடக்குத் தும்மல் பார்த்தியா?"

"தடுத்தேன் சார்."

"அது தெரியும். எப்படி இருந்துச்சு?"

"ஏழு விநாடிதான் சார் பார்த்தேன்."

மனிதருடைய முகம் வாடிப்போயிற்று. ஆனால் உடனே தேறிக்கொண்டு, மேஜையில் இருந்த தாளை அவள் பக்கம் திருப்பினார். உறுதிக் கடிதம். அவள் பெயர் அடித்திருந்தது, கையெழுத்து மட்டும் இல்லை.

"நாளைக்குப் பத்து மணிக்கு வடை சாப்பிட வாரேன். ஒங்கக்கா நூறுக்குச் சரின்னா அங்கேயே கையெழுத்து."

"அக்கா ஒண்ணே ஒண்ணுதான் சார் கேக்கும். அப்பாவப் பத்தி எழுதுனதை விட்டுரணும். ஒரு பக்கந்தான்."

விக்னேஸ்வரன் பதறிவிட்டார். அவர் பதறி அன்றுதான் பார்த்தாள்.

"விடறதா? இன்னொரு நூறு குப்ப வேணும்னா நான் இந்த நிமிசமே அனுமதி குடுக்கறேன். ஒண்ண விடணும்னா நிர்வாகக் குழு கூடணும், பொத்தானுக்கு டெண்டர் விடணும். விட்டா அடுத்த கேள்வி என்னா வரும்? 'இத விட்டீங்களே, மத்ததை ஏன் விடல?' அந்தக் கேள்வி வராம இருக்கத்தான் இத்தன பேரு இங்க உக்காந்திருக்கோம்."

சரளா வாசல் வரை போய்த் திரும்பினாள். "மேலேர்ந்து யாராச்சும் வந்து, எல்லாம் ஒரே லைன்னு கேட்டா சார்?"

"கேட்டா எனக்கு எப்படித் தெரியும்?" என்றார் விக்னேஸ்வரன் அன்பாக. "லைன் ஒங்க லைன்." சொல்லிவிட்டு அவர் மேலே மின்விசிறியைப் பார்த்தார்.

சரளா அறையை விட்டு வெளியே வந்தாள். நேரே அக்காவிடம் போய் ஒன்று விடாமல் சொன்னாள். விசிறியைப் பார்த்ததைக்கூடச் சொன்னாள். குமுதா திட்டுவாள் என்று எதிர்பார்த்தாள். குமுதா அடுப்பை அணைத்தாள், கையைக் கழுவினாள்.

"நான் ஜெராக்ஸ் கடைக்குப் போயிட்டு வாரேன். நீ உளுந்த ஊறப் போடு. நெறையா."

மறுநாள் காலை ஏழு மணிக்கு ஷிப்ட் மாறும் நேரம். எப்போதும் பழைய நாளிதழில் மடித்துக் கொடுக்கிற வடையைக் குமுதா அன்று வெள்ளைத் தாளில் மடித்துக் கொடுத்தாள். கதை மூன்று தாள். ஒரு வடைக்கு ஒரு தாள். தொழிற்சாலைச் சட்டை போட்ட பையன்களும் பெண்களும் வடையைக் கடித்துக்கொண்டே படித்தார்கள், படித்து முடித்ததும் ஒருவர் கையை ஒருவர் எட்டிப் பார்த்தார்கள்.

"மச்சான், ஒங்கிட்ட ரெண்டாம் தாளு இருக்கா? எனக்கு மூணுதான் வந்துச்சு."

"இரு, நான் இன்னும் கம்பிகிட்ட நிக்கிறேன்லா!"

ஒரு லாரிக்காரர் மூன்றாம் தாளைப் படித்துவிட்டு வடையைக் கீழே வைத்தார். "எங்க தோட்டத்துலயும் இதே வாளிதான்" என்றார். பிறகு வீட்டுக்கு எடுத்துப்போக ஆறு வடை கட்டச் சொன்னார், இரண்டிரண்டாக மூன்று தாளும் இருக்கிறதா என்று எண்ணிப் பார்த்து வாங்கிக்கொண்டு போனார்.

பத்து மணிக்கு விக்னேஸ்வரன் வந்தார். கையில் உறையில் கடிதம். அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. வடை கட்டின தாளைக்கூடப் படிக்காமல் விட மாட்டார். குமுதா தட்டில் ஒரு வடையை வைத்தாள். சரளா பக்கத்தில் நின்றாள்.

"என்னாக்கா, நூறு முடியுமா?" என்று கேட்டுக்கொண்டே தாளைப் பிரித்தவர், பேச்சை மறந்து படிக்க ஆரம்பித்தார். ஆற்றிடம் மரியாதையாகத் தண்ணீர் கேட்கிற இடத்தில் கடகடவென்று சிரித்தார். தாள் முடிந்துவிட்டது.

"இதுக்கு மேல?"

"அடுத்த வடையில சார்."

இரண்டாவது வடை வந்தது. கம்பி மிதந்ததற்குச் சிரித்தார். கிராணி 'நல்ல பால்' என்று எழுதின இடத்தில் சிரிப்பு பாதியில் நின்றது. மூன்றாவது வடையை அவரே கேட்டு வாங்கினார். அதைக் கடிக்கவில்லை, தாளை மட்டும் பிரித்தார். மெதுவாகப் படித்தார். எண்ணெய் ஊறின கடைசி வரியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் படித்தார். படித்து முடித்து நிமிர்ந்தபோது அவர் கண் தன்னையறியாமல் மேலே மழைமரத்துக்குப் போயிற்று. போன கண்ணை அவசரமாகக் கீழே இறக்கினார். குமுதா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இத... வேற யாராச்சும் படிச்சாங்களா?"

"காலைலேர்ந்து முந்நூறு வடை போச்சு சார்."

திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்தவா முடியும்? விக்னேஸ்வரன் தண்ணீர் கேட்டார். குமுதா கொடுத்தாள்.

"சாயங்காலம் போண்டா இருக்கு" என்றாள் அவள், கரண்டியைத் துடைத்துக்கொண்டே. "அதுக்கு வேற கதை. ஒரு கம்பெனி மேலாளரு வடக்க பாத்துத் தும்முற கதை. எழுதியாச்சு, ஜெராக்ஸ் மட்டும் இன்னும் எடுக்கல."

விக்னேஸ்வரன் உறையைப் பிரித்தார். பாக்கெட்டில் பேனாவைத் தேடினார். வடை மேஜையிலேயே வைத்துக் கையெழுத்துப் போட்டு, கடிதத்தைச் சரளாவிடம் நீட்டினார். ஓரத்தில் எண்ணெய் பட்டிருந்தது. சரளா அதை இரண்டு கையாலும் வாங்கினாள்.

"அப்ப அந்த நூறு பக்கம்..." என்று இழுத்தார் அவர், சின்னக் குரலில்.

"என் தங்கச்சி வீட்டு லைன்லேர்ந்து இனி ஒரு பக்கம் வராது" என்றாள் குமுதா. "நீங்கதான் நல்லா எழுதுவீங்களாமே சார்."

பகல் பன்னிரண்டு மணிக்கு 'எங்கப்பா கலந்த தண்ணி' விதிமுறைப்படி தானாகவே தடைபட்டது. அது நேர விரயம் என்று பதிவாயிற்று. அந்த நேரத்தில் ஜெலாப்பாங்கில் அதைப் படிக்காத தொழிற்சாலை ஒன்றிரண்டுதான் மிச்சம்.

மறுநாள் பெரட்டில் சரளாவின் பெயரைச் சாதாரண வேகத்தில் கூப்பிட்டார்கள். அவள் மாடியேறி, தன்னுடைய நாற்காலியில், இப்போது நிஜமாகவே தன்னுடையதாகிவிட்ட நாற்காலியில், ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத் திரையைத் திறந்தாள். முதல் பக்கம் வந்து காத்திருந்தது.

"நகம் வெட்ட உகந்த திசைகள் எட்டு." சுத்தமான தமிழ், பிசகாத காற்புள்ளி.

ஏழாவது விநாடியில் மணி அடித்தது. அடிக்கட்டும் என்று விட்டாள். எட்டுத் திசையையும் ஒன்று விடாமல், கடைசியில் இருந்த "நன்றி. வணக்கம்." வரைக்கும் பொறுமையாகப் படித்தாள். பாவம், எழுதுகிற மனுஷருக்கும் ஒரு வாசகர் வேண்டாமா?

பிறகு தடுத்தாள்.